தோளுக்கு மேல், ஒரே நொடியில்

வணக்கம். பத்து நிமிடம் பேச வேண்டும், தலைப்பை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்று நிலையத்தில் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தவன் பில்லி பேட்சன். அவனும் வானொலிக்காரன்தான். வானொலி நிருபராகச் சம்பளம் வாங்கியபோது அவன் சின்னப் பையன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெயர் பரிச்சயமில்லாதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1940-இல் அமெரிக்காவில் ஃபாசெட் என்ற நிறுவனம் 'விஸ் காமிக்ஸ்' என்றொரு படக்கதை இதழைக் கொண்டுவந்தது. எழுதியவர் பில் பார்க்கர், வரைந்தவர் சி. சி. பெக். அப்பா அம்மா இல்லாத ஒரு பையன், சொத்தைச் சுருட்டிக்கொண்டு சித்தப்பாவோ மாமாவோ யாரோ ஒருவர் வீட்டை விட்டு விரட்டிவிட்டார், ராத்திரியில் தெருவில் பேப்பர் விற்கிறான், சுரங்க ரயில் நிலையத்தில் படுத்துக்கொள்கிறான். ஒரு ராத்திரி முகம் தெரியாத ஆள் வந்து கூப்பிடுகிறான், இவனும் போகிறான். (நம் வீட்டுப் பிள்ளை போயிருந்தால் நாம் போலீசுக்குப் போயிருப்போம்.) சுரங்கத்தின் கோடியில் ஒரு கிழ மந்திரவாதி, அவர் தலைக்கு மேல் ஒரு பெரிய பாறை இழையில் தொங்குகிறது. அவர் பெயர் ஷஸாம். அந்தப் பெயரைச் சொன்னால் இடி இறங்கும், பையன் இருந்த இடத்தில் சிவப்பு உடுப்பு போட்ட ஒரு முழு ஆள் நிற்பார், மறுபடி சொன்னால் திரும்பப் பையன். சாலமோனின் ஞானம், ஹெர்குலிஸின் பலம், அட்லஸின் தாங்கும் சக்தி, சியூஸின் வல்லமை, அகிலிஸின் துணிச்சல், மெர்குரியின் வேகம். அந்த ஆளுக்குப் பெயர் கேப்டன் மார்வெல். இப்போது சினிமாவில் அந்தப் பெயரில் வரும் பெண்மணி வேறு, அது வேறு நிறுவனத்துச் சரக்கு. நம் ஆளின் முகத்துக்கு பெக் மாதிரியாக வைத்துக்கொண்டது ஃப்ரெட் மக்மரே என்ற நடிகரை. அதாவது தாடை விரிந்த, வளர்ந்த ஆண்.

முதல் கதையின் வில்லன் டாக்டர் சிவானா செய்யப் பார்த்த அக்கிரமம் என்ன தெரியுமா, நாட்டில் ஒரு வானொலி நிலையமும் பேசவிடாமல் வாயடைப்பது. அதைத் தடுத்ததற்குத்தான் பில்லிக்கு வானொலியில் வேலை கிடைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இடி இறங்கிய பிறகு நிற்கிறாரே அந்தச் சிவப்பு உடுப்புக்காரர், அவர் ஆளா, பையனா?

நாற்பதுகளின் கதைகள் இதைப் பற்றிக் கவலையே படவில்லை. பில்லி கேப்டன் மார்வெலைப் பற்றிப் பேசும்போது வேறொருவரைப் போலத்தான் பேசுவான், அவரும் அப்படித்தான். தெருவில் அடி வாங்கும் பையன் 'இரு, எங்க அண்ணனைக் கூட்டிட்டு வரேன்' என்று ஓடுகிறானே, அந்த அண்ணன்தான் கேப்டன் மார்வெல், ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டியதுகூட இல்லை, ஒரு வார்த்தை போதும். படித்த பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது, விற்பனையில் சூப்பர்மேனையே முந்தினார்கள். ஆனால் அப்போதே யாருக்கோ ஒரு சந்தேகம் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். 1941-இல் வந்த கேப்டன் மார்வெல் ஜூனியரும் 1942-இல் வந்த மேரி மார்வெலும் இடி விழுந்தாலும் வளர மாட்டார்கள். ஜூனியராக மாறும் ஃப்ரெடி பையனாகவே பறப்பான், மேரி சிறுமியாகவே பறப்பாள். முழு ஆளாக மாறும் பாரம் பில்லிக்கு மட்டும்.

அப்புறம் சூப்பர்மேனைக் காப்பியடித்ததாக வழக்கு, வருஷக்கணக்கில் இழுத்தது, 1953-இல் ஃபாசெட் கடையைக் கட்டியது. எழுபதுகளில், வழக்குப் போட்ட டிசி நிறுவனமே, சூப்பர்மேனை வெளியிடுகிறவர்கள்தான், அவனை எடுத்துக்கொண்டது. 1987-இல் ராய் தாமஸ் எழுதிய கதையில்தான், உடம்பு எதுவானாலும் உள்ளே இருப்பது பில்லியின் மனசுதான் என்று தீர்மானமாக வைத்தார்கள். அன்றிலிருந்து பிடித்தது தலைவலி. உள்ளே பையன் என்றால் அவன் எவ்வளவு பையன்?

நிறையப் பேர் எடுத்த சுலபமான வழி அவனைக் கோமாளியாக்குவது. 2019-இல் வந்த 'ஷஸாம்!' படம் எனக்குப் பிடிக்கும், இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு பயல்கள், ஒருவன் மட்டும் பெரிய ஆள் தோற்றத்தில், கடையில் பீர் வாங்கி ஒரு வாய் குடித்துத் துப்புகிறார்கள், திரும்ப உள்ளே போய் நொறுக்குத்தீனியை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். அந்த இடம் அசல். ஆனால் அதே படத்தில் பில்லி, பையன் உருவில், தன்னைத் தொலைத்த அம்மாவைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். உண்மையில் அவள் அவனை விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள். இத்தனை வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த சின்னத் திசைகாட்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்புகிறான், அவளுக்கு அது என்னவென்றே ஞாபகமில்லை. அழுது ஆர்ப்பாட்டம் இல்லை, ஐம்பது வயசுக்காரனின் நிதானம். பிஞ்சிலே பழுத்தவன் என்று நாம் திட்டுவோமே, இவனை வாழ்க்கை பழுக்க வைத்திருக்கிறது. இவன் சிவப்பு உடுப்பு போட்டதும் வெறும் குரங்குச் சேட்டைக்காரனாகிவிடுகிறான், அந்த நிதானமும் துக்கமும் எங்கே போயின என்று தெரியவில்லை. விளையாட வாய்க்காதவன் இப்போதுதான் விளையாடுகிறான் என்று படத்துக்கு ஆதரவாக வாதாடலாம், நானே நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். இருந்தாலும் அந்த இரண்டு பேரும் ஒருவன்தான் என்று என்னால் நம்ப முடிந்ததில்லை.

என் அக்கா பையன் கதை ஒன்று. பதிமூன்று வயது, ஐந்தடி ஒன்பது அங்குலம். குரல் உடைந்துவிட்டது. பஸ்ஸில் யாரோ 'சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க' என்றதற்குத் திரும்பிப் பார்த்தான், சார் யாரென்று. போன வருஷம் என் அப்பா தவறிப்போனார். பாடையைத் தூக்கும் நேரத்தில் ஒரு பக்கத் தோள் குறைந்தது, உயரமாக நின்றுகொண்டிருந்தான் என்ற ஒரே காரணத்துக்காக யாரோ அவன் முதுகில் தட்டி 'வாப்பா, நீ பிடி' என்றார்கள். பிடித்தான். தெருமுனை வரை தோள் மாற்றவில்லை, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் பையன் ஆளாகிவிட்டான் என்றார்கள். அன்று ராத்திரி கூடத்தில் வரிசையாகப் படுத்திருந்தோம், நான் எழுந்து போய் சுவிட்சில் கை வைத்தேன். 'மாமா, அந்த லைட்டு இருக்கட்டுமே' என்றான். அவ்வளவுதான் சொன்னான். காலையில் பார்த்தால் என் வேட்டி நுனி அவன் கைக்குள் இருந்தது.

பில்லியை எழுதுகிறவர்கள் அந்த லைட்டை எழுத வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். சேட்டை எல்லா வயதிலும் உண்டு, எங்கள் அலுவலகத்தில் நாற்பத்தைந்து வயதில் அதைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள். தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன் என்பார்கள், ஆனால் அந்த வளர்ச்சிக்கு வருஷங்கள் ஆகும், வளர வளர நாமும் பழகிக்கொள்வோம். ஒரே நொடியில் வளர்ந்து நிற்பவனை எதிரே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? கையில் பாரத்தைக் கொடுப்பார்கள். இல்லையென்றால் சந்தேகப்படுவார்கள். ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற சாகச வீரர் குழுவின் கதைகளில் இது வந்தது: கேப்டன் மார்வெலும் ஸ்டார்கேர்ள் என்ற பள்ளிக்கூடப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள், அவளுக்கு இவன் பில்லி என்று தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் வளர்ந்த ஆண், பள்ளிக்கூடத்துப் பெண். குழுவில் மூத்தவரான ஜே காரிக் அவனைத் தனியாக அழைத்துப் பேசுகிறார், அவர் பேசியது நூற்றுக்கு நூறு சரி. அவனும் தப்பு செய்யவில்லை. உண்மையைச் சொல்லாமல் குழுவை விட்டே போய்விடுகிறான்.

'சாலமோனின் ஞானம் இருக்கிறதே, அப்புறம் ஏன் பையன்போல் நடந்துகொள்ள வேண்டும்' என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் சொல்புத்தி, சுயபுத்தி என்று பிரித்துச் சொல்வார்கள். சாலமோன் கொடுப்பது சொல்புத்தி. காதுக்குள் ஒரு பெரியவர் சரியான யோசனையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், சரி. கேட்பதா வேண்டாமா என்பது சுயபுத்தி, அதை எந்தக் கிழவரும் கடன் கொடுக்க முடியாது, அது பில்லியுடையது, அதற்கு அவன் வயசுதான். இப்படி வைத்துக்கொண்டால் ஞானத்தையும் கைவிட வேண்டாம், பையனையும் கைவிட வேண்டாம்.

இந்தப் பையனின் பிரிட்டிஷ் நகல் ஒன்று 1954-இல் வந்தது, மார்வெல்மேன் என்று. 1982-இல் ஆலன் மூர் அதை மறுபடி எடுத்து எழுதியபோது அதில் ஒரு துணைப் பையன் பல வருஷங்கள் திரும்பி மாறவே இல்லை, வல்லமை உள்ள உருவத்திலேயே வளர்ந்து பணக்காரனாகி, கொடூரனாகி, ஒரு நாள் வாய் தவறித் தன்னை மாற்றும் மந்திரச் சொல்லைச் சொல்லிவிடுகிறான். அங்கே நிற்பது நடுங்கிக்கொண்டு ஒரு சிறுவன். உள்ளே இருந்தவனுக்கு இத்தனை காலமும் வயசே ஏறவில்லை. படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

இந்த விஷயத்தில் சரியான சுருதி பிடித்தது என்று நான் நினைப்பது ஜட் வினிக் எழுதி 2005-இல் தொடங்கிய சின்னத் தொடர் ஒன்றை. சூப்பர்மேனும் கேப்டன் மார்வெலும் முதன்முதலாகச் சந்திக்கும் கதை. பில்லியைக் கொல்ல வந்தவர்களின் குண்டு அவன் நண்பனைக் கொன்றுவிடுகிறது. வெறிபிடித்து அலைந்துவிட்டு, ஒரு மலை உச்சியில் போய் உட்கார்ந்திருக்கிறார் கேப்டன் மார்வெல். தேடி வந்த சூப்பர்மேன், சக வயதுக்காரரிடம் பேசுவதுபோல்தான் பேச ஆரம்பிக்கிறார். இவர் அந்தப் பெயரைச் சொல்கிறார். இடி. எதிரே பனியனும் அழுகையுமாக ஒரு பொடியன். சூப்பர்மேன் அவனிடம் ஒன்றும் கோபப்படவில்லை. நேரே கிழ மந்திரவாதியிடம் போய், ஒரு குழந்தையின் தலையிலா இதைத் தூக்கி வைத்தீர் என்று சண்டை போடுகிறார். கடைசியில் பில்லி தங்கியிருக்கும் இடத்துக்கு, உடுப்பெல்லாம் இல்லாமல், சாதாரணச் சட்டையில் வருகிறார். யாரிடமும் சொல்லாத தன் நிஜப் பெயரை அவனிடம் சொல்கிறார், கிளார்க் என்று.