பந்து விளையாட வரிப்பணமா? அயர்லாந்தின் கடல் கடந்த கிளப்புகள் பற்றி ஒரு கேள்வி

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “அண்ணா, லண்டன், நியூயார்க், துபாய் மாதிரி ஊர்களில் இருக்கும் ஐரிஷ் விளையாட்டு கிளப்புகளுக்கு அயர்லாந்து அரசாங்கம் மானியம் கொடுக்கிறது என்று போன வீடியோவில் சொன்னீர்கள். நாட்டை விட்டுப் போனவர்கள் பந்து விளையாட, ஊரில் இருப்பவன் கட்டும் வரியை ஏன் கொடுக்க வேண்டும்? அந்த கிளப்பில் ஐரிஷ்காரர் அல்லாதவர்கள் சேர்ந்தால் என்ன ஆகும்?”

நியாயமான கேள்வி. அயர்லாந்திலேயே இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் போய்த்தான் பதில் சொல்ல வேண்டும்.

1841 இல் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் 80 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1845 இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் கப்பல் ஏறினார்கள். அதோடு நிற்கவில்லை. சுதந்திரம் வாங்கிய பிறகும் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். 1950 களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் வெளியேறினார்கள், பெரும்பாலும் பிரிட்டனுக்கு. 1961 கணக்கெடுப்பில் அயர்லாந்துக் குடியரசில் மிச்சம் இருந்தது 28 லட்சம் பேர்தான்.

அப்படிப் போனவர்கள் என்ன வேலை பார்த்தார்கள்? ஆண்கள் சாலை போட்டார்கள், சுரங்கப் பாதை தோண்டினார்கள், கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்கள் நர்ஸ் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். சம்பளம் வாங்கியதும் வீட்டுக்குப் பணம் அனுப்பினார்கள். தம்பி, இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1961 இல் அப்படி ஊருக்கு வந்த பணம் சுமார் 1 கோடியே 35 லட்சம் பவுண்டு. அந்த நாடு ஒரு வருடம் தன் பள்ளிக்கூடங்களுக்குச் செலவழித்த தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். லண்டனில் ஒற்றை அறையில் தங்கி மண் அள்ளியவர் அனுப்பிய பணத்தில் ஊரில் தங்கையும் தம்பியும் படித்தார்கள். “அவர்கள் இங்கே வரி கட்டுவதில்லையே” என்று சொல்வதற்கு முன்னால் இதை யோசிக்க வேண்டும். அவர்கள் கட்டினார்கள். அந்தப் பணம் வரி என்ற பெயரில் வரவில்லை, அவ்வளவுதான்.

அனுப்பியவர்களில் நிறையப் பேர் கல்யாணம் ஆகாமலே வயதானார்கள். உடம்பு தேய்ந்துபோய், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல், வாடகை அறையிலேயே முடிந்துபோனவர்களும் உண்டு. பிரிட்டனுக்குப் போனவர்களின் நலனுக்காக 1984 இல் டியோன் என்ற குழுவை அமைத்து, பிரிட்டனில் இருந்த உதவி மையங்களுக்கு அயர்லாந்து அரசு கொஞ்சம் பணம் கொடுக்க ஆரம்பித்தது. 1990 இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், வெளியே போன எல்லோருக்காகவும் தன் மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார். 1998 இல் மக்கள் வாக்களித்து அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவையே திருத்தினார்கள். வெளிநாட்டில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினரோடு தனக்குள்ள உறவை இந்தத் தேசம் போற்றுகிறது என்ற வாசகம் அதில் இருக்கிறது. சட்டத்திலேயே எழுதிய பிறகு கைப்பணம் கொடுக்காமல் இருக்க முடியாது இல்லையா? 2002 இல் ஒரு பணிக்குழு அறிக்கை கொடுத்தது. 2004 இல் வெளிவிவகாரத் துறைக்குள் இதற்கென்றே தனிப் பிரிவு வந்தது. நீங்கள் கேட்கும் மானியம் வருவது அங்கேயிருந்துதான். அதன் பெயர் எமிகிரன்ட் சப்போர்ட் புரோகிராம், அதாவது புலம்பெயர்ந்தோர் ஆதரவுத் திட்டம்.

சமீப ஆண்டுகளில் இந்தத் திட்டத்துக்கு ஒதுக்கும் தொகை ஆண்டுக்கு 1 கோடியே 20 லட்சம் யூரோவுக்கும் மேல். 2004 முதல் எல்லாவற்றையும் கூட்டினால் 20 கோடி யூரோவைத் தாண்டும். இதில் பெரும்பங்கு பிரிட்டனுக்குப் போகிறது. முதியவர்கள், தனியாக இருப்பவர்கள், வீடில்லாதவர்கள், இவர்களைக் கவனிக்கும் மையங்களுக்குத்தான் முதல் உரிமை. விளையாட்டுக்கு வருவது அதற்குப் பிறகு மிஞ்சும் சின்னப் பங்குதான். ஆகவே கோடிக்கணக்கில் பந்துக்குப் போகிறது என்று நினைக்க வேண்டாம். தனி ஆளுக்கும் இந்தப் பணம் கிடையாது. லாப நோக்கம் இல்லாத அமைப்பாக இருக்க வேண்டும், விண்ணப்பம் போட வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும். அந்தந்த நாட்டு ஐரிஷ் தூதரகத்தின் கருத்தையும் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

சரி, முதியோர் மையத்துக்குக் கொடுப்பது புரிகிறது, விளையாட்டு எதற்கு? இங்கேதான் ஜி.ஏ.ஏ. வருகிறது. கேலிக் அத்லெட்டிக் அசோசியேஷன் என்பது முழுப் பெயர். 1884 நவம்பர் 1 அன்று டிப்பரேரி மாவட்டத்தில் தர்ல்ஸ் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் கூடி ஆரம்பித்த சங்கம். மட்டையும் சிறு பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங், கையும் காலும் சேர்த்து ஆடும் கேலிக் ஃபுட்பால், பெண்கள் ஆடும் கமோகி, இதெல்லாம் அந்த உலகத்தைச் சேர்ந்தவை. ஆடுகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளினில் குரோக் பார்க் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் கூடி ஆர்ப்பரிக்கும் இறுதி ஆட்டத்தில் ஆடுகிறவர், திங்கள்கிழமை காலை வகுப்பெடுக்கப் போகும் வாத்தியாராக இருக்கலாம். ஒருவர் எந்த ஊரில் வளர்ந்தாரோ பெரும்பாலும் அந்த ஊர் கிளப்புக்குத்தான் ஆடுவார். நம் பக்கம் ஊர்த் திருவிழாவுக்கு எப்படிச் சொந்தம் கொண்டாடுவோமோ, அந்த மாதிரி ஒரு ஒட்டுதல்.

அந்த ஒட்டுதலைப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். 2008 இல் வங்கிகள் சரிந்து வேலை போனபோது, மேற்கு அயர்லாந்துக் கிராமங்களில் 15 பேர் கொண்ட அணியையே சேர்க்க முடியாத நிலை வந்தது. அதே பையன்கள் பெர்த்திலும் சிட்னியிலும் டொராண்டோவிலும் போய் இறங்கினார்கள். புது ஊரில் யாரையும் தெரியாது. முதல் வாரமே கிளப்புக்குப் போவான். அங்கே ஒருவர் அறை பார்த்துக் கொடுப்பார், இன்னொருவர் வேலைக்குச் சொல்லி வைப்பார், அடிபட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கும். அசம்பாவிதமாக யாராவது இறந்துபோனால், உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்ட முன்னால் நிற்பவர்களிலும் கிளப்காரர்கள் இருப்பார்கள். “மனசு சரியில்லை” என்று ஒரு இளைஞன் ஆலோசனை மையத்தின் கதவைத் தட்டுவது அபூர்வம். ஆனால் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அவன் இரண்டு வாரம் வரவில்லை என்றால், யாராவது போன் செய்வார்கள். இந்த வேலையைச் செய்ய அரசாங்கம் ஆபீஸ் திறந்து ஆள் வைத்தால் எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். கிளப்பில் அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த மானியத்துக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

அப்புறம் பணம் எங்கே தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கேலிக் மைதானத்தின் நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். சாதாரண கால்பந்து மைதானத்தை விட மிகவும் பெரியது. எந்த நகரத்தில் இவ்வளவு இடம் சும்மா கிடைக்கும்? ரக்பி மைதானத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பார்கள். ஆளும் இடமும் பத்தாமல் ஆசியாவில் அணிக்கு 9 பேர் வைத்து ஆடுவதும் உண்டு. நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் இருக்கும் கேலிக் பார்க்கில் ஏறத்தாழ நூறு வருடமாக ஐரிஷ்காரர்கள் ஆடுகிறார்கள், ஆனால் அந்த நிலம் சங்கத்துக்குச் சொந்தமில்லை. மட்டை, தலைக்கவசம், நடுவர் பயிற்சி, குழந்தைகளுக்குக் கோச், இதெல்லாம் தனிச் செலவு. இப்படிச் சின்னச் சின்னத் தேவைகளுக்காக வெளிவிவகாரத் துறையும் ஜி.ஏ.ஏ.வும் சேர்ந்து குளோபல் கேம்ஸ் டெவலப்மென்ட் ஃபண்ட் என்று ஒரு நிதியை நடத்துகின்றன. அயர்லாந்துக்கு வெளியே 400 க்கும் மேற்பட்ட கிளப்புகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பகிர்ந்தால் ஒரு கிளப்புக்கு வருவது சிறிய தொகைதான். ஆனால் சின்ன கிளப்புக்கு அது ஒரு சீசனின் மைதான வாடகையாக இருக்கலாம்.

என் மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கட்டடம் கட்டுவதை விட, பிள்ளைகளுக்கான கோச்சுக்கும் பெண்கள் அணிக்கும் இந்தப் பணம் போவதுதான் நல்லது. இன்று வேலைக்கு வந்த இளைஞன் மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பிவிடுவான். புதிதாக ஆள் வராத வருடத்தில் கிளப்பை இழுத்து மூட வேண்டியதுதான். அங்கேயே பிறந்த பிள்ளை ஆடினால்தான் கிளப் நிற்கும். இதற்கு நியூயார்க்கையே பாருங்கள். 1999 முதல் மேற்கு அயர்லாந்தின் கனாக்ட் மாகாணப் போட்டியில் அயர்லாந்து மாவட்டங்களோடு மோதி, ஆடிய ஒவ்வொரு வருடமும் தோற்றுக்கொண்டே இருந்த அணி அது. 2023 ஏப்ரலில் லீட்ரிம் மாவட்ட அணியைப் பெனால்ட்டியில் வென்றது, முதல் முறையாக! மைதானத்துக்குள் ஜனம் பாய்ந்து ஓடி வந்த காட்சியை நான் எத்தனை முறை பார்த்தேனோ தெரியாது. அந்த அணியில் நியூயார்க்கிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே ஆடப் பழகிய பையன்கள் இருந்தார்கள்.

தம்பியின் கடைசிக் கேள்வி, ஐரிஷ்காரர் அல்லாதவர் சேர்ந்தால்? தாராளமாகச் சேரலாம், சேர்கிறார்கள். ஸ்பெயினின் கலீசியாவிலும் பிரான்சின் பிரிட்டனி பகுதியிலும் இருக்கும் கிளப்புகளில் அந்த ஊர்க்காரர்கள்தான் அதிகம். அதனால் மானியம் நின்றுவிடாது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி நிச்சயம் எழும்: இதனால் அங்கே வாழும் ஐரிஷ் சமூகத்துக்கு என்ன பயன்? அதற்குப் பதில் இருந்தால் போதும். துபாயிலோ சிங்கப்பூரிலோ டப்ளினிலோ இருந்து இதைப் பார்க்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் இப்படி ஒரு கிளப் இருந்தால் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை கூட்டிப்போங்கள். முதல் நாள் மட்டை கூட அவர்களே கொடுப்பார்கள். தலைக்கவசத்தை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள், ஹர்லிங் பந்து கல் மாதிரி கெட்டியாக இருக்கும்.