தேய்மானப் பணம் எங்கே போகிறது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணக்குப் பிரிவைப் பார்த்து வருகிறேன். மருத்துவமனை என்றாலே டாக்டரும் நர்ஸும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு ஒன்றாம் தேதி சம்பளம் போட வேண்டியவனின் கவலையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

காப்பீட்டு அட்டையோடு வருகிறவருக்கு இன்று ஆபரேஷன் முடிந்துவிடும். மருந்து, தையல் நூல், ஆக்சிஜன் எல்லாம் இன்றே செலவு. காப்பீட்டு நிறுவனம் தர வேண்டிய கிளைம் பணம் வர மாதக்கணக்கில் கூட ஆகும். ஒரு ஸ்கேன் படம் விட்டுப்போனாலே கோப்பு நின்றுவிடும். மருந்து ஸ்டாக்கிஸ்ட் அதுவரை காத்திருப்பாரா? எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் தேவனாம்பட்டினம், தாழங்குடா பக்கத்து மக்கள் மூட்டுவலியையும் குடலிறக்கத்தையும் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வசூல் குறையும். சம்பளம் குறையாது.

இந்த நெருக்கடியில் முதலில் கைவைப்பது எதிர்காலத்தின் மீதுதான். எப்படி என்று சொல்கிறேன். ஒரு டயாலிசிஸ் மெஷின் ஏழு லட்சம், ஏழு வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் பழசாகி மதிப்புக் குறைவதற்காக வருடம் ஒரு லட்சம் தேய்மானம் என்று கணக்கில் எழுதுவோம். அது காகிதத்தில் மட்டும் செலவு, யாருக்கும் செக் கொடுப்பதில்லை. அதனால் அந்த ஒரு லட்சம் வங்கிக் கணக்கிலேயே கிடக்கும். கையில் பணம் இருப்பது போலத் தெரியும். சம்பளத்துக்கும் மருந்து பாக்கிக்கும் அதை எடுத்துவிடுவோம். ஏழாவது வருடம் மெஷின் நிற்கும்போது கணக்குப் புத்தகம் சரியாக இருக்கும், வாங்கக் காசு இருக்காது. நஷ்டத்தில் நடந்தவை மட்டுமல்ல, லாபம் காட்டிய மருத்துவமனைகளும் இப்படித்தான் திணறுகின்றன.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு, தரையோடு இருந்த ஜெனரேட்டரை மேடை கட்டி உயர்த்தச் சொன்னார்கள். 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று நான்தான் மூன்று பட்ஜெட்டில் தள்ளிவைத்தேன். 2015 வெள்ளத்தில் ஜெனரேட்டருக்குள் தண்ணீர் புகுந்தது. டயாலிசிஸ் ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். பாதியில் நின்றுபோனவர்களை இடுப்பளவு தண்ணீரில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, 'தம்பி, மிச்சத்தை எப்போ போடுவாங்க?' என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் ஒரு முடிவு எடுத்தோம். தேய்மானத் தொகையை மாதாமாதம், சம்பளத்துக்கு முன்பே, தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுவது. அதை எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும், என் கையெழுத்து மட்டும் போதாது. முதல் வருடம் மிகவும் கஷ்டமாக இருந்தது. புதிய வேன் வாங்குவதை நிறுத்தினோம். கிளைம் கோப்புகளைத் துரத்துவதற்கென்றே இரண்டு பேரை உட்காரவைத்தோம். நோயாளி டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே காகிதங்களைச் சரிபார்த்து அனுப்புகிறார்கள். திரும்பி வரும் கோப்பு குறைந்தது. வரவேண்டிய பணம் சீக்கிரம் வந்தால் அந்தத் தனி வைப்புக் கணக்கில் கைவைக்க வேண்டியதில்லை. சிக்கனம் என்றதும் ஆட்களைக் குறைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியபோது, எங்கள் பின்வாசலில் முழங்கால் தண்ணீர். ஜெனரேட்டர் மேடையில் ஓடிக்கொண்டிருந்தது.

போன தடைக்காலத்தில் சம்பளத்துக்கு நாலு நாள் முன்பு நிர்வாகி கேட்டார்: 'சார், அந்த வைப்புக் கணக்கிலிருந்து ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துக்கலாமா?' நான் வங்கிக்குப் போய், கணக்கில் இருப்பதற்கு மேல் கடனாக எடுக்கும் ஓவர்டிராஃப்ட் வரம்பை உயர்த்தித் தரச் சொல்லி மனு கொடுத்தேன். வட்டி கட்டினோம். அந்தக் கணக்கைத் தொடவில்லை. நன்றி, வணக்கம்.