ஹட்ச் நாய்க்கு ஏன் மூச்சு வாங்குகிறது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் கால்நடை மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். முதலில் ஒரு கேள்வி. இங்கே வீட்டில் பக் நாய் வளர்ப்பவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். மூன்று, நான்கு... பின் வரிசையில் தயங்கித் தயங்கித் தூக்கும் தம்பியோடு ஆறு. சரி, இறக்கிவிடுங்கள். திட்டப் போவதில்லை. கடைசியில் உங்களிடம் இரண்டு வார்த்தை பேச வேண்டும், அதற்காகத்தான் கேட்டேன்.

2003-இல் ஹட்ச் செல்போன் கம்பெனியின் விளம்பரம் வந்தது. ஒரு பையன் எங்கே போனாலும் ஒரு குட்டி நாய் பின்னாலேயே போகும். எங்கள் நெட்வொர்க்கும் இப்படித்தான் உங்களை விடாது என்பது சேதி. அருமையான விளம்பரம். நானும் வாயைத் திறந்து பார்த்தவன்தான். அந்த நாயின் பெயர் சீக்கா, பக் இனம். அதற்கு முன் நம் ஊரில் பலர் பக் என்ற பெயரைக் கேட்டதுகூட இல்லை. அதற்குப் பின்னும் யாரும் பக் என்று சொல்லவில்லை. "டாக்டர், ஹட்ச் நாய்க்கு ஊசி போடணும்" என்றுதான் வருவார்கள். 2007-இல் கம்பெனி வோடஃபோன் கைக்குப் போனது. நாயும் வோடஃபோன் நாய் ஆகிவிட்டது. கம்பெனி கைமாறினால் நாயின் ஜாதியே மாறுகிற அதிசயத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஒரு மே மாதம், மதியம் இரண்டரை மணி. மதுரை வெயில் உங்களுக்குத் தெரியும். ஒரு பெரியவரும் அவர் பேத்தியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பெரியவர் கையில், துண்டில் சுற்றிய ஒரு பக். அதன் சத்தம் வாசலிலேயே கேட்டது. ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். நாக்கு நாவல்பழ நிறத்துக்குப் போயிருந்தது. தெர்மாமீட்டர் 107 காட்டியது. நாய்க்கு 101, 102 சாதாரணம். 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. "எங்கே கூட்டிப் போனீங்க?" என்றேன். "கடைக்குத்தான் டாக்டர், முக்குக் கடைக்கு. போற இடமெல்லாம் கூடவே வரும்னுதானே வாங்கினோம்" என்றார் பெரியவர். தண்ணீர் ஊற்றினோம், ஃபேனைத் திருப்பினோம், ஆக்சிஜன் வைத்தோம். இரவு ஒன்பது மணிக்கு அது போய்விட்டது.

முக்குக் கடை எவ்வளவு தூரம்? இருநூறு அடி இருக்குமா? தெருவில் திரிகிற நாட்டு நாய் அந்த வெயிலில் இரண்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சாக்கடை ஓரம் படுத்துக்கொள்ளும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இரைக்க வேண்டும். உள்ளே போய் வருகிற காற்றில் எச்சில் ஆவியாகித்தான் உடம்பு குளிரும். பக்கின் முகத்தைத் தட்டையாக வேண்டும், பொம்மை மாதிரி வேண்டும் என்று மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இணை சேர்த்தான். எலும்பு குட்டையானது, உள்ளே இருக்கிற சதை குட்டையாகவில்லை. பெரிய பாயைச் சின்னப் பைக்குள் திணித்த கதைதான். அண்ணத்துச் சதை நீண்டு மூச்சுக் குழல் வாயில் தொங்கும். மூக்குத் துவாரம் பாதி மூடிய கீறலாக இருக்கும். அதன் குறட்டையை வீடியோ எடுத்து "எவ்ளோ க்யூட்" என்று அனுப்புகிறோமே, அது மூச்சுக்குத் தவிக்கிற சத்தம். இங்கிலாந்தில் ராயல் வெட்டரினரி கல்லூரிக்காரர்கள் 2022-இல் ஆயிரக்கணக்கான நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த மூச்சடைப்பு நோய் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிடப் பக்குக்கு ஏறக்குறைய 54 மடங்கு. உடல்நல விஷயத்தில் பக்கை இனி ஒரு சாதாரண நாயாகக் கருத முடியாது என்றே எழுதிவிட்டார்கள்.

சீக்காவைப் படப்பிடிப்பில் யாரும் கொடுமைப்படுத்தினார்கள் என்று நான் சொல்லவில்லை. என் பேச்சே அதற்கு அடுத்த இடத்தில்தான் தொடங்குகிறது.

"எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை" என்று திரையில் ஒரு வரி ஓடுமே, அதன் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. கலாக்ஷேத்திராவின் ருக்மிணி தேவி அருண்டேலை நடனத்துக்காக நினைக்கிறோம். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் அவர். அந்த முயற்சியிலிருந்துதான் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. வெகுகாலம் அதன் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. 1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டத் தடை வந்தது. 2001 விதிகளின்படி மற்ற விலங்குகளுக்கும் அனுமதி வாங்க வேண்டும். விளம்பரப் படம் எடுக்கிறவர்களும் வாரியத்துக்கு எழுதிப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

நல்ல சட்டம். ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் என்ன நடக்கும்? ஒருமுறை மருத்துவர் என்ற முறையில் ஒரு விளம்பரப் படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். நாய் ஓடிவந்து, வைத்ததை ஆசையாகத் தின்ன வேண்டும், அவ்வளவுதான் காட்சி. நாலாவது டேக் வரை ஆசையாகவே தின்றது. ஏழாவதில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பன்னிரண்டாவதில் வாந்தி. எனக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது: ஓடிவர வேண்டும் என்பதற்காக முந்தின ராத்திரி அதற்குச் சோறே வைக்கவில்லை. நான் சத்தம் போட்டு நிறுத்தினேன். மறுநாள் வேறொரு நாயை வைத்து எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆக, ஓட்டை உடைசலோடு அந்த வரி படப்பிடிப்பு நாளைக் காவல் காக்கிறது, சரி. படம் ஓடத் தொடங்கிய பிறகு? சீக்கா ஒன்றுதான். அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்களுக்காக மாடி அறைகளில், கொட்டகைகளில் ஈன்று தள்ளிய தாய் நாய்கள் எத்தனை? அவை படத்தில் நடிக்கவில்லை, அதனால் எந்தச் சான்றிதழிலும் வராது. அந்தப் பெரியவரின் பக்கும் வராது.

இங்கிலாந்தில் பி.ஜி. டிப்ஸ் தேயிலை விளம்பரங்களில் 1956 முதல் 2002 வரை சிம்பன்சிகள் சட்டை போட்டு டீ குடித்தன. ஊரே சிரித்தது. சிம்பன்சி பல்லைக் காட்டி 'இளிக்கிறதே', பெரும்பாலும் அது பயம். 2011-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சிம்பன்சி நடித்த விளம்பரங்களைச் சிலருக்கும், காட்டுச் சிம்பன்சிகளின் படத்தை வேறு சிலருக்கும் காட்டினார்கள். விளம்பரம் பார்த்தவர்களில்தான் அந்த இனத்தைக் காக்கக் காசு கொடுத்தவர்கள் குறைவு. அவர்களில்தான் சிம்பன்சியை வீட்டில் வளர்க்கலாமே என்று சொன்னவர்களும் அதிகம். ஹட்ச் நாய்க்கு நடந்ததும் ஏறக்குறைய இதேதான், நாயை வாங்க முடியும் என்பது மட்டுமே வித்தியாசம்.

விலங்கு இல்லாமல் விளம்பரம் சோபிக்காது என்பார்கள். அதே வோடஃபோன் 2009 ஐ.பி.எல். சமயத்தில் ஜூஜூவைக் கொண்டுவந்தது. முட்டைத் தலையும் குச்சிக் கையுமாக வந்த அந்த வெள்ளை உருவங்களைக் கார்ட்டூன் என்றே பலர் நினைத்தார்கள். உள்ளே இருந்தவர்கள் உடை மாட்டிய மனிதர்கள். நாயைக் கொஞ்சிய அதே ஜனம் ஜூஜூவையும் கொஞ்சியது. ஜூஜூவை வாங்கிவந்து மொட்டை மாடியில் கட்டிப்போட யாராலும் முடியவில்லை.

தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்களின் பட்டியலில் பக்கும் இருந்தது. உடனே நண்பர்கள் கேட்கிறார்கள்: "அப்போ ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் விளம்பரத்தில் காட்டலாமே டாக்டர், நம்ம நாயாச்சே?" வேண்டாம் சாமி! சிப்பிப்பாறை முயலை விரட்டிப் பிடிக்கப் பிறந்த நாய். ஒரு நல்ல விளம்பரத்தில் அது வந்தால் ஆறே மாதத்தில் இரண்டாவது மாடி ஃபிளாட் பால்கனியில் நின்று குரைத்துக்கொண்டிருக்கும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கை தூக்கிய ஆறு பேரும் கேளுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கு முன்னால் நடத்திக் கூட்டிவந்துவிடுங்கள், வெயில் ஏறினால் வாசலைத் தாண்ட விடாதீர்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு மார்போடு சேர்த்துக் கட்டுகிற வார் வாங்குங்கள். பிஸ்கட்டை நிறுத்துங்கள், எடை கூடினால் மூச்சு இன்னும் அடைக்கும். அதிகமாக இரைத்தால் முதலில் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி ஃபேனுக்கு அடியில் விடுங்கள், ஆட்டோவை அப்புறம் தேடலாம். சும்மா படுத்திருக்கும்போதே அந்த ரம்பச் சத்தம் கேட்டால் கொண்டுவந்து காட்டுங்கள். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்த அறுவை சிகிச்சை உண்டு. கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பி மட்டும் கொஞ்சம் என்னைப் பார்த்துவிட்டுப் போ.