பழைய கேம் புதுப் பெட்டியில் வரட்டும்

நடுவர் ஐயா அவர்களே, அணித் தோழர்களே, எதிரணி அன்பர்களே, தை மாதக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் குன்னூர் மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"பழைய வீடியோ கேம்களைப் புதிய கன்சோல்களில் மறுபடி வெளியிடுவது காப்பாற்றும் வேலையா, காசு பார்க்கும் வேலையா?" இதுதான் இன்றைய தலைப்பு. கன்சோல் என்றால் டிவியில் இணைத்து ஆடும் கேம் பெட்டி. காப்பாற்றும் வேலைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, "அரைத்த மாவையே அரைக்கிறார்கள்" என்றார். அவருக்கு அடுத்து வந்த தங்கை, "சின்ன வயதில் ஆடியது நினைவில் இருந்தால் போதாதா? அதற்கு ஏன் மறுபடியும் காசு?" என்று கேட்டார். தங்கையின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கு அந்த நினைவு நிறையவே இருக்கிறது.

எங்கள் வீடு எஸ்டேட் லைன் வீடு. அப்பா தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். 1995 வாக்கில் அண்ணன் ஒரு வருடம் முழுக்கச் சேர்த்த காசில் ஒரு டிவி கேம் வாங்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன் மேல் "9999 இன் 1" என்று எழுதியிருக்கும். உள்ளே இருந்தது ஏழெட்டு கேம்தான். அவையே பேர் மாறி மாறித் திரும்பத் திரும்ப வரும். எங்களுக்கு அந்த ஏழெட்டும் வேண்டாம், கான்ட்ரா என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்று போதும். ஒரே திரையில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், அண்ணனும் நானும்.

ஜூலை மாதத்து மேகம் எங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும் என்பது உங்களுக்குத் தெரியும். உப்பு தண்ணீராகிவிடும், தீக்குச்சி பற்றாது. அந்த ஈரம் கேசட்டையும் விடவில்லை. அடியில் பல் வரிசை மாதிரி இருக்குமே, அந்தத் தகடுகள் ஓரத்தில் பச்சை பூத்தது. திரையில் மாரியோ வரவேண்டிய இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் கட்டமாக வரும். அண்ணன் கேசட்டை எடுத்து ஊதுவார், போடுவார், வரும். அடுத்த வாரம் மறுபடி ஊதுவார். வாயால் ஊதினால் உள்ளே போவது ஈரம், அது துருவைத்தான் வளர்க்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஊதாதீர்கள் என்று மாரியோ கேமைச் செய்த நிண்டெண்டோ நிறுவனமே சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் பல வருடம் கழித்துப் படித்தது. அப்புறம் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்துப் பார்த்தார். செய்தித்தாளில் சுற்றி அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்துப் பார்த்தார். மூன்றாவது மழைக்காலத்தில் அது எழுந்திருக்கவே இல்லை.

தங்கையே, நினைவு அப்படியே இருக்கிறது. ஆனால் என் மகள் "எப்படிம்மா இருக்கும் அது?" என்று கேட்டபோது என்னால் சொல்லிக் காட்ட முடியவில்லை. கதையாக இருந்தால் சொல்லியிருப்பேன், பாட்டாக இருந்தால் பாடியிருப்பேன். வீடியோ கேம் விரலில் இருக்கிற விஷயம். எந்த நொடியில் குதிக்க வேண்டும் என்பதை வாயால் எப்படிச் சொல்வது? யூடியூபில் யாரோ ஆடுவதைக் காட்டலாம். அது அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது போலத்தான்.

இது என் வீட்டுக் கேசட் ஒன்றின் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்றுக்கென்றே இருக்கும் அறக்கட்டளை ஒன்று 2023ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் கிடைப்பதில்லை என்று அது சொன்னது. வாங்க வழியே இல்லை. கிடைப்பது 13 சதவீதம். அமெரிக்க மௌனப் படங்களில் மிஞ்சியிருப்பது எவ்வளவோ, கிட்டத்தட்ட அதே அளவு என்று அவர்களே ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்.

மௌனப் படம் என்றதும் நமக்கு நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம், தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம். இன்று இல்லை. 1931ல் வந்த காளிதாஸ், தமிழின் முதல் பேசும் படம். அதுவும் இல்லை. பிரதி எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. ஓடி முடிந்த படத்தை மறுபடி யார் பார்க்கப் போகிறார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்திருப்பார்கள். தம்பி, அரைத்த மாவு என்று நீங்கள் சொல்கிற இடத்தில் எனக்கு அந்தக் காலிப் பெட்டிதான் கண்ணில் தெரிகிறது.

"சரி, ஒரு அருங்காட்சியகத்தில் வைக்கட்டும், புதுக் கன்சோலில் எதற்கு?" என்றும் கேட்டார்கள். இதற்குப் பதில் நம் ஊர் ஸ்டேஷனிலேயே நிற்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டி, பல்சக்கரத்தைக் கடித்துக்கொண்டு, பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் குன்னூர் வருகிறதே நம் மலை ரயில், அதன் எக்ஸ் வகை நீராவி எஞ்சின்கள் முதலில் சுவிட்சர்லாந்தில் செய்தவை. அவை தேய்ந்து போனபோது என்ன செய்தார்கள்? கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து அதோடு விட்டுவிடவில்லை. 2010க்குப் பிறகு திருச்சி பொன்மலை பணிமனையில் அதே எக்ஸ் வகை எஞ்சினைப் புதிதாகச் செய்து அனுப்பினார்கள். நிலக்கரிக்குப் பதில் எண்ணெயில் எரியும்படி செய்தார்கள். அடுப்பு மாறியது. பல்சக்கரம் மாறவில்லை, ஏற்றம் மாறவில்லை, கூவல் மாறவில்லை. அந்த எஞ்சின் இழுத்த ரயிலில் வந்தவர்கள் யாராவது நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னார்களா? புதுக் கன்சோலில் பழைய கேம் ஓடுவதும் இதே வேலைதான். பழைய பெட்டியின் சிப் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ளும் மென்பொருளை, எமுலேட்டரை, உள்ளே வைக்கிறார்கள். அடுப்புதான் வேறு.

இப்போது காசுக்கு வருகிறேன். எதிரணி 2020ல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ 3டி ஆல் ஸ்டார்ஸ் தொகுப்பைச் சொன்னது. மூன்று பழைய கேம்களைச் சேர்த்து விற்றார்கள், 2021 மார்ச் 31 வரைதான் என்று கெடு வைத்தார்கள், அவசரப்படுத்தி வாங்க வைத்தார்கள் என்றது. உண்மை. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அதில் தப்பு எங்கே இருக்கிறது? விற்றதில் இல்லை, விற்பதை நிறுத்தியதில் இருக்கிறது. அதே நிறுவனத்தின் முந்தைய கேம் பெட்டிகளான வீ யூ, 3டிஎஸ் இரண்டுக்குமான ஆன்லைன் கடையை 2023 மார்ச்சில் மூடினார்களே, அதிலும் அதே தப்புதான். அதை நாங்களும்தான் கண்டிக்கிறோம். கடை மூடுகிறது என்று கோபப்படுகிறவர் கடையே வேண்டாம் என்று எப்படிப் பேச முடியும்?

2021ல் மூன்று பழைய ஜி.டி.ஏ. கேம்களைப் புதுப்பித்து வெளியிட்ட தொகுப்பையும் எடுத்தார்கள். முகங்கள் கோணலாக இருந்தன, மழை பெய்தால் பாதை தெரியவில்லை. ஒப்புக்கொள்கிறேன், மோசமான வேலை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. புதியது வருகிறது என்று பழைய பதிப்புகளைக் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அப்போது மக்கள் என்ன கேட்டார்கள்? பழையதைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கணினிக்கான பழைய பதிப்பைத் தன் கடையில் மறுபடி வைத்தது. எதிரணி காட்டிய இந்த உதாரணம் எங்கள் பக்கம்தான் நிற்கிறது, நடுவர் ஐயா. இருபது வருடம் பழைய கேமை, அது இருந்தது இருந்தபடியே வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுங்கள் என்றுதான் நாங்களும் சொல்கிறோம்.

அடுத்து, "போனில் எமுலேட்டர் சும்மா கிடைக்கிறதே" என்ற வாதம். எமுலேட்டரை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் பாதி கேம் என்றோ போயிருக்கும். ஆனால் சட்டம் அதை ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. நூலகங்கள் தங்களிடம் உள்ள பழைய கேம்களை ஆய்வாளர்கள் இருந்த இடத்திலிருந்தே ஆடிப் பார்க்கக் கொடுக்கலாமா என்று கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் முடியாது என்று சொல்லிவிட்டது. நூலகத்துக்கே அந்த நிலை என்றால், சாதாரண வீட்டுக்கு நேர்மையாகத் திறந்திருக்கும் கதவு மறுவெளியீடு ஒன்றுதான்.

இன்னொன்று. என் மஞ்சள் கேசட்டில் எந்த கேமுக்கும் செய்தவர் பேர் இல்லை. அந்த மாதிரிக் கள்ளக் கேசட்டுகளில் முதலில் கத்தரிப்பது பேரைத்தான். பேர் போடாதது அன்றைய நிறுவனங்களிலும் வழக்கமாகவே இருந்தது. அட்டாரி என்ற அமெரிக்க கேம் நிறுவனத்துக்கு அட்வெஞ்சர் என்ற கேமைச் செய்த வாரன் ராபினெட், தன் பேரைப் போட மாட்டார்கள் என்று தெரிந்து, கேமுக்குள் யாருக்கும் தெரியாமல் ஓர் அறை கட்டி, அதில் தன் பேரை எழுதி வைத்தார். ஒரு தச்சன் கதவின் உள்பக்கம் பேர் செதுக்கின மாதிரி. 2022ல் வந்த அட்டாரி 50 தொகுப்பில் அந்த கேம் இருக்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட கேம்களோடு, செய்தவர்களே வந்து பேசும் காணொளிகளும், பழைய விளம்பரங்களும், கால வரிசையில் கதையும் இருக்கின்றன. இதைக் காசு பார்க்கும் வேலை என்று எப்படித் தள்ளுவது?

இன்னும் சொல்கிறேன். ஸ்டார் ஃபாக்ஸ் 2 என்றொரு கேம். 1990களின் நடுவில் செய்து முடித்து, வெளியிடாமல் அலமாரியில் வைத்துவிட்டார்கள். 2017ல் எஸ்.என்.இ.எஸ். கிளாசிக் என்ற சின்னப் பெட்டியை விற்றபோது அதற்குள் வைத்துக் கொடுத்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது மறுவெளியீட்டால்தான் வெளிச்சம் பார்த்தது. கிங்டம் ஹார்ட்ஸ் என்ற கேமுக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். 2013ல் வெளியான மறுபதிப்புக்காக அதைப் புது பெட்டிக்குத் தயார்செய்ய உட்கார்ந்தபோதுதான் மூலக் கோப்புகள் காணாமல் போனதே தெரிந்தது. விற்ற கேமையே பிரித்துப் பார்த்துப் பலவற்றைத் திரும்பச் செய்தார்கள். மறுபடி வெளியிடலாம் என்ற எண்ணமே இல்லாத நிறுவனம் தன் அலமாரியைத் திறந்தே பார்க்காது.

புதுப் படைப்பாளிகளை இது நசுக்கிவிடும் என்றார் தம்பி. முதல் சூப்பர் மாரியோ முழுவதும் 40 கிலோபைட். நம் போனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்தச் சின்ன இடத்துக்குள் அடக்க, மேகத்தின் படத்தையே பச்சை அடித்துப் புதராக வைத்தார்கள். வானத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் ஒரே வடிவம், நிறம்தான் வேறு. என் மகள் இதைக் கண்டுபிடித்த அன்று இரவே தன் லேப்டாப்பில் ஒரு சின்ன கேம் எழுத உட்கார்ந்தாள். பழையதைப் பார்த்ததால் அவள் புதியது செய்யப் போனாள்.

போன தீபாவளிக்கு அண்ணன் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். 2019ல் வெளியான கான்ட்ரா தொகுப்பை வாங்கி வைத்திருந்தேன். எங்களுக்குத் தெரிந்த கான்ட்ராவோடு ஜப்பானில் வந்த பதிப்பும் அதில் இருக்கிறது. அதில் ஸ்டேஜுக்கு முன்னால் வரைபடம் வருகிறது, பனி ஸ்டேஜில் பனி பெய்கிறது. அண்ணன் ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துவிட்டு அந்தப் பனியைப் பார்த்தார். "இதெல்லாம் நம்ம கேசட்டில் இல்லையே" என்றார். நடுவில் மழைக்கு மரம் விழுந்து கரண்ட் போனது. அந்தக் காலத்தில் என்றால் முதல் ஸ்டேஜிலிருந்து ஆட வேண்டும். கரண்ட் வந்ததும் அதற்கு முன்னால் சேமித்து வைத்திருந்த இடத்திலிருந்தே எடுத்தோம்.

அப்புறம் என் மகளும் அவரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் வேகமாக ஏறினால் திரையும் மேலே போகும், கீழே தங்கிவிட்டவர் செத்துவிடுவார். சின்ன வயதில் அந்த அருவியில் அண்ணன் எனக்காக ஒரு தடவைகூட நின்றதில்லை. என் லைஃப் எல்லாம் அங்கேதான் போகும், அழுதிருக்கிறேன். மகள் இரண்டு பாறைக்குக் கீழே மாட்டிக்கொண்டு, "மாமா, நில்லுங்க, நில்லுங்க!" என்று கத்தினாள்.

அண்ணன் ஏறாமல் நின்றார். சுற்றி வந்த குண்டுகளைச் சுட்டுக்கொண்டே அவள் மேலே வரும்வரை அந்தப் பாறையிலேயே நின்றார்.

நடுவர் ஐயா, தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன். நன்றி, வணக்கம்.