மொய் நோட்டில் எழுதாத சீர்

(புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றின் அரசு நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பெரியோர்களே, தாய்மார்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, ஆசிரியர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

காலையில் பிள்ளையார் கோயில் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேளச் சத்தம் கேட்டது. யார் வீட்டுக் காதுகுத்து என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டேன். "காதுகுத்து இல்லீங்கம்மா, பள்ளிக்கூடத்துக்குச் சீர் போகுது" என்றார். அப்படியே அந்த ஊர்வலத்தோடு சேர்ந்து நடந்து வந்துவிட்டேன். முன்னால் தவிலும் நாதசுரமும். அடுத்து, தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு பெண்கள். அவர்களுக்குப் பின்னால் நாலு இளவட்டங்கள் ஒரு பீரோவைத் தூக்கி வந்தார்கள். மின்விசிறி, நாற்காலி, சுவர்க் கடிகாரம், எவர்சில்வர் தட்டு, உலக உருண்டை என்று வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு பாட்டி வந்தார். அவர் தாம்பாளத்தில் ஆறு சாக்பீஸ் பெட்டிகள், அவற்றின் மேல் ஒரு முழம் மல்லிகைப்பூ. வாசலில் ஆசிரியர்கள் சந்தனம் கொடுத்து, பன்னீர் தெளித்து, சம்பந்தி வீட்டாரை அழைப்பதுபோல உள்ளே அழைத்தார்கள்.

கல்விச் சீர் நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். ஏனென்றால் நாம் மொய்க் கணக்கில் ஊறியவர்கள். ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணி வட்டாரம் முழுக்க மொய் விருந்துதான். யார் எவ்வளவு செய்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் முறை வரும்போது கூட்டித் திருப்பிச் செய்வோம். கணக்குத் தவறினால் உறவே முறியும். அப்படிப்பட்ட ஊர் இன்று பீரோவும் மின்விசிறியும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறது. எந்த நோட்டிலும் எழுதவில்லை. தன் பிள்ளை படித்து முடித்து வெளியே போய்ப் பத்து வருடம் ஆனவர்கள்கூடத் தூக்கி வந்தார்கள். சாக்பீஸ் கொண்டுவந்த பாட்டிக்கு இந்தப் பள்ளியில் பேரப்பிள்ளையே இல்லை என்று தலைமையாசிரியர் சொன்னார்.

இதற்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1958-இல், காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் தொடங்கின. முதல் மாநாடு அப்போதைய செங்கற்பட்டு மாவட்டத்தில் கடம்பத்தூரில் நடந்தது. ஊருக்கு ஊர் மக்கள் கூடி நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள், மேசை, பெஞ்சு, மணி, சீருடை எல்லாம் கொடுத்தார்கள். அரசாங்கம் எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகு நாம் பிள்ளையை அனுப்பிக்கொள்ளலாம் என்று அன்றைக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

சரி, இப்போது ஒரு புகாருக்கு வருகிறேன். விழா, போட்டி, ஊர்வலம் என்று அலைந்தால் படிப்பு கெடாதா என்று சில பெற்றோர்கள் கேட்கிறார்கள். ஆசிரியர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. பாடத்தை முடிக்க வேண்டிய கவலையில் கேட்கிறார்கள், அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதிலாக ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியது உங்களுக்குத் தெரியும். பள்ளி அளவில் ஆரம்பித்து, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் ஏறிக்கொண்டே போகும். மாநில அளவில் கடைசியில் வெல்கிறவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். ஒரு வருடம் வட்டார அளவில் களிமண் சிற்பப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் உருவம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் கொடுத்த மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தான். கல் பொறுக்கினான். மறுபடி பிசைந்தான். பத்து நிமிடம், இருபது நிமிடம் போய்விட்டது. அப்புறம் ஒரு மஞ்சள் பையைத் திறந்து கை நிறைய உமியை அள்ளி மண்ணில் போட்டான். என்னப்பா இது என்று கேட்டேன். "உமி கலக்கலேன்னா காயறப்ப வெடிச்சிரும் டீச்சர். தாத்தா சொல்லும்" என்றான்.

அவன் தாத்தா மண்வேலை செய்கிற வேளார். புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண்குதிரை செய்கிற கை. நம் மாவட்டத்தில் அய்யனார் கோயில்தோறும் வரிசையாக நிற்கிற குதிரைகளைப் பிடித்த கைகளில் அதுவும் ஒன்று. பையன் ஒரு குதிரைத் தலை செய்தான். திறந்த வாய், விரிந்த நாசி, கழுத்தில் சலங்கை மாலை. சலங்கையின் ஒவ்வொரு மணியையும் ஈர்க்குச்சியால் கீறினான். நேரம் போதாமல் உருவம் கழுத்தோடு நின்றுவிட்டது. அதனால் இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. எல்லாச் சிற்பங்களையும் மறுநாள் பார்வைக்கு வைத்தோம். முதல் பரிசு வாங்கியது உட்படப் பல உருவங்களில் விரிசல் விட்டிருந்தது. இவன் குதிரையில் ஒரு கீறல்கூட இல்லை.

அதைப் பார்த்த அறிவியல் ஆசிரியர் அங்கேயே பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் நடத்தினார். ஈரம் வெளியேறும்போது களிமண் சுருங்குகிறது, மேற்பக்கம் முதலில் காய்ந்து உள்பக்கம் ஈரமாகவே இருந்தால் இழுபட்டு வெடிக்கிறது, உமி இருந்தால் ஈரம் வெளியேற வழி கிடைக்கிறது, சுருக்கமும் குறைகிறது என்று விளக்கினார். அந்தப் பையன் கணக்கில் இருபது மதிப்பெண் தாண்டாதவன். அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் நின்று அவன்தான் பதில் சொன்னான். மாமல்லபுரத்தில் சிற்பம் சொல்லித் தர ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. சொன்னவர் வேறு பள்ளியில் இருந்து வந்திருந்த ஓவிய ஆசிரியர். இந்தப் பையன் தன் வகுப்பறையிலேயே இருந்திருந்தால் அந்த ஆசிரியரை எங்கே பார்த்திருப்பான்? பள்ளிகள் ஒன்று கூடும்போது இப்படித்தான் சேதி பரவுகிறது. வானவில் மன்றத்தில் அறிவியல் சோதனை செய்து காட்டிய பிள்ளைகளும், வட்டார விளையாட்டுப் போட்டிகளுக்குப் போய் வந்த பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

தடையைத் தாண்டி வெளியே வருவது இந்த மாவட்டத்துக்குப் புதிதா என்ன? மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மண் இது. பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்தார். அதே பெண் 1912-இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கி, 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போய், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்புறம் 1991-இல் அறிவொளி இயக்கம் வந்தது. இங்கே இருக்கிற அம்மாக்களில் பலர் அப்போது இளம்பெண்கள். இரவில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துப் படித்து, பகலில் சைக்கிள் பழகியது நினைவிருக்கிறதா? கல் குவாரியில் வேலை செய்த பெண்கள் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு தெருவில் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

கத்தக்குறிச்சி சாந்தியைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. செங்கல் சூளையில் வேலை செய்த குடும்பத்தின் பெண். 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அந்த அவமானத்தோடு வீட்டுக்குள் முடங்கிக் கிடந்திருக்கலாம். அவர் நம் பிள்ளைகளைச் சேர்த்து ஓட்டம் பழக்கினார். சாதித்தவள் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்று கேட்டால் எனக்கு முதலில் அவர் முகம்தான் வரும்.

இனி நான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது. மேடையில் ஆடுகிற பிள்ளையின் வெற்றி ஊருக்குத் தெரிகிறது. சத்தமில்லாமல் ஜெயிக்கிற பிள்ளையின் வெற்றி தெரிவதில்லை. எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்று ஓர் உதவித்தொகைத் தேர்வு எழுதுகிறார்கள். மனத்திறனில் 90 கேள்வி, பாடப் பகுதியில் 90 கேள்வி. தமிழ்நாடு முழுவதற்கும் 6,695 பேருக்குத்தான் இடம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம் ரூபாய், நாலு வருடத்துக்கு 48,000 ரூபாய், பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். இந்தப் பள்ளியில் இந்த வருடம் மூன்று பேர் தேறியிருக்கிறார்கள். காலையில் இருந்து இந்த ஊரில் பத்துப் பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு பெண் தேறினாள். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். ஆண்டு விழாவில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டோம். பந்தலுக்கு வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்றவர் முன்னால் வரவே இல்லை. விழா முடிந்த பிறகு என்னிடம் வந்து, மெதுவாக, "மாசாமாசம் ஆயிரமா டீச்சர்? நெசமாவா?" என்று கேட்டார். வேலையில் இருந்து நேராக வந்திருந்தார், சேலைக் கரையில் செம்மண் ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு முதல் வருடப் பணம் வந்தது. இரண்டாம் வருடம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று தேடிப்போனபோதுதான் எனக்கே புரிந்தது. உதவித்தொகையை வருடா வருடம் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், பள்ளி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். எட்டாம் வகுப்போடு பிள்ளை நடுநிலைப் பள்ளியை விட்டுப் போய்விடுகிறாள். பழைய பள்ளியில் அவள் இப்போது மாணவி இல்லை. புதிய பள்ளியில் ஐம்பது பேரில் ஒருத்தி, அவள் தேறியவள் என்று அங்கே யாரும் கவனித்திருக்கவில்லை. ஆதாரில் இனிஷியல் முன்னால், வங்கிப் புத்தகத்தில் பின்னால். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இத்தனை இடுக்குகளில் ஒரு வருடம் நழுவிப் போனது. யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பன்னிரண்டாயிரம் ரூபாய் போனது போனதுதான். அந்த அம்மாவுக்கு அது எத்தனை நாள் கூலி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த ஊரிடம் எனக்கு ஒரு கோரிக்கை. நீங்கள் பீரோ கொடுத்துவிட்டீர்கள், இன்னொரு சீரும் செய்யுங்கள். வருடத்துக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. ஒரு கூட்டத்திலாவது, சாலை, குடிநீர் பேசி முடித்த பிறகு, தேறிய பிள்ளைகளின் பெயரை வாசியுங்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பள்ளிக்குப் போயிருக்கிறது, இந்த வருடம் புதுப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அந்தக் குழுவில் ஒருவர் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைக்கட்டும். மொய் நோட்டில் நாற்பது வருடக் கணக்கை ஒரு பைசா பிசகாமல் வைத்திருக்கிற ஊருக்கு, மூன்று பிள்ளைகளின் பெயரை நாலு வருடம் எழுதி வைப்பது பெரிய வேலையா? கல்லூரியில் படிக்கிற அண்ணன் அக்காக்கள் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனிலேயே முடிந்துவிடும்.

நேரமாகிவிட்டது. ஒயிலாட்டப் பிள்ளைகள் வேடத்தோடு வியர்வையில் நிற்கிறார்கள். அதற்கு முன்னால், என்எம்எம்எஸ் தேறிய மூன்று பேரும் மேடைக்கு வாருங்கள் கண்ணுகளா. தனியாக வேண்டாம், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வேப்பமரத்தடியில் நிற்கிற தாய்மார்களே, அங்கேயே நிற்க வேண்டாம். காலையில் நீங்கள் தூக்கி வந்த நாற்காலிகள்தான் இங்கே முன்வரிசையில் கிடக்கின்றன. வந்து உட்காருங்கள்.