வலிக்கு மேசை போட்ட மல்யுத்தக்காரர்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. தலைவர் என்னைப் பத்தி சொன்னதுல பாதிய கழிச்சுக்கோங்க, எனக்கப்புறம் இன்னும் ரெண்டு பேர் பேசணும், அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

முதுகுவலின்னு போறோம், எக்ஸ்ரே எடுக்கறாங்க, ஸ்கேன் எடுக்கறாங்க, ரிப்போர்ட்ட பாத்துட்டு "உங்களுக்கு ஒண்ணுமில்லீங்க"ன்னு அனுப்பிடறாங்க, ஆனா வலி நம்ம கூடவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துடுது. இந்த "ஒண்ணுமில்ல"ய ஏத்துக்க மாட்டேன்னு நின்ன ஒரு டாக்டர், பேரு ஜான் போனிகா. 1917-ல சிசிலி பக்கத்துல ஃபிலிகுடின்னு ஒரு குட்டித் தீவுல பொறந்தவரு. சின்ன வயசுலயே குடும்பம் நியூயார்க் வந்துடுச்சு, அப்பா சீக்கிரம் தவறிட்டாரு, பையன் ஷூ பாலிஷ் போட்டு பேப்பர் வித்து படிச்சான். மெடிக்கல் காலேஜுக்கு பணம்? மல்யுத்தம்ங்க! காசுக்கு மேடையேறி சண்டை போடறது. பின்னாடி ராணுவ டாக்டரா இருக்கும்போதும் விடல, முகமூடி மாட்டிக்கிட்டு 'மாஸ்க்டு மார்வல்'ங்கற பேர்ல ரிங்ல எறங்குவாரு. பகல்ல வெள்ளைக் கோட்டு, ராத்திரி முகமூடி. நம்ம சினிமாக்காரங்க கண்ணுல எப்படி படாம போச்சுன்னு தெரியல.

அவரு மயக்க மருந்து பக்கம் வந்ததுக்கு வீட்டுக்குள்ள ஒரு காரணம் இருக்கு. மனைவி எம்மாவுக்கு முதல் பிரசவம், அனுபவமில்லாத ஒரு பயிற்சி டாக்டர் மயக்கத்துக்கு ஈதர் குடுக்கறாரு, அந்தம்மா வாந்தியெடுத்து மூச்சு அடைச்சு நீலமா ஆயிட்டாங்க, இவரே உள்ள புகுந்து காப்பாத்த வேண்டியதாப் போச்சு. இன்னிக்கு பிரசவத்துல வலி தெரியாம இருக்க முதுகுல ஊசி வழியா மருந்து குடுத்து எபிட்யூரல்னு சொல்றோமே, அது பரவினதுல இவரோட பங்கு ரொம்பப் பெருசு.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. 1944-ல வாஷிங்டன் மாநிலத்துல மேடிகன் ராணுவ ஆஸ்பத்திரில மயக்க மருந்துப் பிரிவ இவர் கையில குடுக்கறாங்க, வயசு இருபத்தேழு. போர்ல அடிபட்டவங்க கூட்டம் கூட்டமா வர்றாங்க. கை எடுத்தாச்சு, ஆனா இல்லாத கை வலிக்குதுங்கறான் ஒருத்தன். குண்டு பட்ட காயம் ஆறி தோல் மூடிருச்சு, ஆனா போர்வை உரசினாக்கூட நெருப்பு பட்ட மாதிரி கத்தறான் இன்னொருத்தன். இவரு நரம்புல ஊசி போட்டு மரத்துப்போக வைக்கறாரு, சிலருக்கு கேக்குது, பல பேருக்கு மறுபடியும் வந்துடுது. சரின்னு பெரிய பெரிய மெடிக்கல் புத்தகமா தேடறாரு, அத்தனை ஆயிரம் பக்கத்துல வலிக்குன்னு இருபது பக்கம் தேறல! ஜனங்க டாக்டர்கிட்ட போறதே வலிக்குத்தானே?

அப்ப ஒண்ணு பண்ணாரு. நரம்பு சர்ஜன், எலும்பு டாக்டர், மனநல டாக்டர்னு ஆளாளுக்கு நோயாளிய அனுப்பி சீட்டு வாங்கினா ஒவ்வொருத்தரும் தன் பங்க மட்டும் எழுதறாங்க, ஒண்ணு இன்னொண்ணோட ஒட்டல. அதனால எல்லாரையும் மதிய சாப்பாட்டுக்கு கூப்ட்டு உக்கார வச்சு ஒரே ஆளோட கேஸ நடுவுல போட்டாரு, பேசுங்கன்னு. என்னைக் கேட்டா அவரு கண்டுபிடிச்சதுலயே பெருசு அந்த சாப்பாட்டு மேசைதான், ஊசி இல்ல.

1953-ல வலி பத்தி தடிமனா ஒரு புத்தகம் போட்டாரு. 1960-ல சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டிக்கு போய், லோவெல் ஒயிட்ங்கற நரம்பு சர்ஜன், டோரதி க்ரௌலிங்கற நர்ஸ் ரெண்டு பேரோட சேந்து பெயின் கிளினிக் ஆரம்பிச்சாரு. நர்ஸ கூட சமமா உக்கார வச்சாரு பாருங்க, அந்தக் காலத்துல அது லேசுப்பட்ட காரியம் இல்ல.

அங்கயே வில்பர்ட் ஃபோர்டைஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட், அவரு வழி இன்னும் விசித்திரம். வலிக்கும்போது மாத்திரைங்கறத நிறுத்திட்டு மணி பாத்து மருந்து, வலிச்சாலும் வலிக்காட்டியும். மருந்த இனிப்பு சிரப்ல கலந்து குடுப்பாங்க, அளவு அதே, ருசி அதே, உள்ள இருக்கற மருந்து மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறையும், கொறைக்கப் போறோம்னு மொதல்லயே சொல்லிடுவாங்க. நடக்கறதும் அப்படித்தான். பத்து சுத்துல வலி தாங்கலன்னா எட்டு சுத்துல நிறுத்தி உக்காரச் சொல்லுவாங்க, அப்புறம் ஒவ்வொண்ணா ஏத்துவாங்க. வலி வந்தா ஓய்வுங்கறது போய், சொன்னத முடிச்சா ஓய்வு. வலி போச்சான்னு கேக்கறத விட, என்ன பண்ண முடியுதுன்னு கேக்கற வைத்தியம் இது.

1973-ல சியாட்டில் பக்கத்துல இஸ்ஸக்வாங்கற ஊர்ல பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள கூட்டினாரு, முன்னூறு பேருக்கு மேல, அதுலேர்ந்துதான் சர்வதேச வலி ஆராய்ச்சி சங்கம் பொறந்துச்சு, 1975-ல அதுக்குன்னு தனி பத்திரிகை.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. இவருக்கு வந்துச்சு. ரிங்ல பட்ட அடியெல்லாம் வட்டியோட திரும்பி வந்து முதுகு, இடுப்புன்னு ஆபரேஷன் மேல ஆபரேஷன், கடைசி காலத்துல ஊன்றுகோல்தான். அதோடவே வேலை பாத்தாரு, 1994-ல இறந்தாரு.

இப்ப கசப்பான பகுதி. அவரு போட்ட மேசை அமெரிக்காவுலயே சுருங்கிடுச்சு. நாலஞ்சு பேர் சேந்து வாரக்கணக்குல பாக்கற வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ்காரங்க பணம் குடுக்க யோசிச்சாங்க, மாத்திரை சீட்டுக்கு அவ்ளோ யோசிக்கல. 1996-ல ஆக்ஸிகான்டின்ங்கற வலி மாத்திரை கடைக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் ஓபியாய்டுங்கற அந்த அபின் வகை மருந்தால அங்க எத்தன குடும்பம் அழிஞ்சுச்சுன்னு பேப்பர் படிக்கறவங்களுக்கு தெரியும். டாக்டர்கள் இங்க நெறைய பேர் உக்காந்திருக்கீங்க, கேள்வி நேரத்துல நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன்: உங்க ஆஸ்பத்திரில பிசியோதெரபிஸ்டும் சர்ஜனும் கடைசியா எப்ப ஒரே பேஷன்ட் பத்தி நேருக்கு நேர் உக்காந்து பேசினாங்க? நன்றிங்க.