வா என்று அழைத்தவர்கள்

நடுவர் அவர்களே! "புரட்சி செய்து நாடு கண்ட தலைவனைப் பெரிதும் வீழ்த்துவது வெளிப்பகையா, அவனே வளர்த்துக்கொண்ட அதிகாரமா?" என்று தலைப்புக் கொடுத்து, கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமாவின் வாழ்க்கையை வைத்தே வாதாட வேண்டும் என்றும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் அமெரிக்க உளவுத்துறை, கோகோ விலை, ராணுவ அதிகாரிகள் என்று குற்றவாளிகளை வரிசையாக நிறுத்திவிட்டு அமர்ந்திருக்கிறார். வரிசை நீளம்தான். நிக்ரூமா மட்டும் அதில் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரைச் சிறுமைப்படுத்த நான் இங்கே நிற்கவில்லை. 1951 பிப்ரவரியில் அவர் தலைநகர் அக்ராவின் ஜேம்ஸ் கோட்டைச் சிறையில் கைதி. கழிப்பறைத் தாளில் கட்சிக்குக் குறிப்பு எழுதி ரகசியமாக வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார். வெளியே தேர்தல் நடக்கிறது. அவர் தொகுதியில் பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு! வெள்ளைக்கார கவர்னர் என்ன செய்வார்? சிறைக்கதவைத் திறந்துவிட்டு, மறுநாளே வரச்சொல்லி, ஆட்சி அமையுங்கள் என்றார்.

சிறைக்குப் போய் வந்த கட்சிக்காரர்கள் தங்கள் தொப்பியில் 'பி.ஜி.' என்று இரண்டு எழுத்துகளைத் தைத்துக்கொண்டார்கள். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் வரும் பி.ஜி. அல்ல, 'ப்ரிசன் கிராஜுவேட்', அதாவது 'சிறைப் பட்டதாரி' என்று பொருள். 1957 மார்ச் 6 பிறக்கும் நள்ளிரவில், அக்ராவின் பழைய போலோ மைதானத்து மேடையில் நின்று விடுதலையை அறிவித்தபோதும் நிக்ரூமாவின் தலையில் அந்தத் தொப்பிதான் இருந்தது. ஆப்பிரிக்கா முழுவதும் விடுபடாவிட்டால் எங்கள் விடுதலைக்கு அர்த்தமில்லை என்று அன்று அவர் சொன்னபோது, சொல்லும் தகுதி அவருக்கு இருந்தது.

அடுத்த ஆண்டு என்ன நடந்தது? 1958-ல் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. விசாரணை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம், ஐந்தாண்டு வரை உள்ளே வைக்கலாம். நடுவர் அவர்களே, சிறைப் பட்டதாரி துணைவேந்தராகிவிட்டார்!

யார் யாருக்குப் பட்டம் வழங்கினார் என்று பாருங்கள். 1947-ல் நிக்ரூமா லண்டனில் இருக்கிறார். கோல்டு கோஸ்டில், அதாவது விடுதலைக்கு முந்தைய கானாவில், அப்போதுதான் தொடங்கிய கட்சிக்கு முழுநேரப் பொதுச்செயலாளர் தேவைப்படுகிறார். நிக்ரூமாவைக் கூப்பிடலாம் என்று பெயர் சொன்னவர் ஆக்கோ அட்ஜெய். கூப்பிட்ட கட்சியின் முன்னணித் தலைவர் வழக்கறிஞர் டான்குவா. மறு ஆண்டு கலவரம் வந்தபோது பிரிட்டிஷார் பிடித்து அடைத்த ஆறு பேரில் இந்த மூவரும் இருந்தார்கள்.

டான்குவா 1960 தேர்தலில் நிக்ரூமாவை எதிர்த்து நின்றார். நூற்றுக்குப் பதினொரு வாக்குக்கூடத் தேறவில்லை. தோற்ற கிழவர் வீட்டில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை. 1961-ல் ஒரு முறை, 1964-ல் மறுபடியும் உள்ளே. 1965 பிப்ரவரி 4 அன்று நிசாவாம் சிறையிலேயே உயிர் போனது. விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை.

ஆக்கோ அட்ஜெய் கதை இதைவிடக் கசப்பு. அவர் நிக்ரூமாவின் அமைச்சர். 1962 ஆகஸ்டில் குலுங்குகு என்ற ஊரில் நிக்ரூமாவைக் குறிவைத்துக் குண்டு வீசப்பட்டது. அந்தச் சதியில் இவருக்கும் பங்கு என்று கைது. தலைமை நீதிபதி ஆர்க்கு கோர்சா அமர்ந்த நீதிமன்றம் விசாரித்து 1963 டிசம்பரில் விடுதலை செய்தது. அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போனவர் தலைமை நீதிபதி! பதவியைப் பறித்துவிட்டார்கள். மறுவிசாரணை வைத்தார்கள், மரண தண்டனை வந்தது. பிறகு அது சிறைத்தண்டனையாகக் குறைந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

"குண்டு வீசினால் பயம் வராதா?" என்று அம்மையார் கேட்டார். வரும். ஆனால் குண்டு விழுந்தது 1962-ல், சட்டம் வந்தது 1958-ல். காய்ச்சலுக்கு நான்கு வருடம் முன்பே மாத்திரை விழுங்கியவரை நான் என்னவென்று சொல்வது?

1964 ஜனவரியில் இன்னொரு வாக்கெடுப்பு. நாட்டில் ஒரே கட்சிதான், நீதிபதிகளைத் தலைவரே நீக்கலாம், சம்மதமா என்று கேட்டார்கள். சம்மதம் என்றவர்கள் 99.91 சதவீதம் என்று அறிவித்தார்கள். என் வீட்டில் நாங்கள் நான்கு பேர். இட்லிக்குச் சட்னியா சாம்பாரா என்பதில் இதுவரை ஒருமனதான தீர்மானம் நிறைவேறியதில்லை. இடித்துச் சொல்லும் ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்ட பிறகு, கெடுப்பதற்கென்று தனியாக ஒருவன் வெளியிலிருந்து வர வேண்டுமா?

கோகோ விலை 1965-ல் சரிந்தது உண்மை. அந்தப் பயிரை நம்பியே இருந்த நாட்டுக்கு அது பேரிடி. சதி உருவாவது வாஷிங்டனுக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதும் அவர்களே பின்னாளில் வெளியிட்ட ஆவணங்களில் இருக்கிறது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். 1966 ஜனவரியில் அகோசோம்போ அணையைத் திறந்துவைத்தார் நிக்ரூமா. நாட்டுக்கே மின்சாரம் தந்த அணை. அடுத்த மாதம் 24-ஆம் தேதி, ஹனோய் போகும் வழியில் அவர் பெய்ஜிங்கில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருக்காகத் திரண்ட அதே அக்ராவில் ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். நாடாளுமன்றத்துக்கு முன்னால் இருந்த அவருடைய சிலையைத் தள்ளினார்கள். சிறைகள் திறந்தன, ஆக்கோ அட்ஜெய் வெளியே வந்தார். சதியைத் தூண்ட வெளிநாட்டால் முடியும், அம்மையாரே. அந்த ஆட்டத்தை எந்த நாடு அனுப்பிவைத்தது?

உடைந்த அந்தச் சிலை இன்றைக்கும் இருக்கிறது. பழைய போலோ மைதானம் இருந்த இடத்தில் எழுப்பிய நினைவுப் பூங்காவில், தலையில்லாத உடல் ஒரு பீடத்தில், தலை பக்கத்தில் வேறொரு பீடத்தில்.

நடுவர் மணிமேல் கை வைத்துவிட்டார், முடித்துக்கொள்கிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பர் எத்தனை உளவுத்துறைகளை வேண்டுமானாலும் அழைத்து வரட்டும். டான்குவாவை அடைத்த சட்டம் யாருடைய அரசு கொண்டுவந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். வணக்கம்.